7க்குப் பக்கத்தில் யார் உட்காருவது?

வழக்கமான சுடோகு அலுத்துப் போனவர்களுக்கு ஒரு சிபாரிசு: பகா எண் சுடோகு. விதி ஒன்றுதான் கூடுதல். ஒட்டியிருக்கும் இரண்டு கட்டங்களைக் கூட்டினால் பகா எண் வருகிறதா, நடுக்கோட்டில் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள். புள்ளி இல்லையென்றால் அங்கே பகா எண் வராது, அதுவும் துப்புதான்.

அண்ணன் மகள் ஆறாவது படிக்கிறாள். விதியைக் கேட்டதுமே மடக்கினாள்: "2 கூட பகா எண்தானே சித்தப்பா, அது வராதா?"

"1ம் 1ம் ஒட்டி உட்கார சுடோகுவுல ஏதும்மா இடம்?"

மிச்சம் 3, 5, 7, 11, 13, 17. எல்லாமே ஒற்றைப்படை. ஆகவே புள்ளிக்கு ஒரு பக்கம் ஒற்றை என்றால் மறுபக்கம் இரட்டை. புள்ளி இல்லாத இடத்தில் இரண்டும் ஒற்றை, இல்லை இரண்டும் இரட்டை. அதுவும் இல்லையென்றால் கூட்டுத்தொகை 9 அல்லது 15.

இதில் பாவம் 7தான். 2ஐச் சேர்த்தால் 9, 8ஐச் சேர்த்தால் 15. புள்ளியோடு பக்கத்தில் உட்கார 4ம் 6ம் மட்டுமே.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம், ஒரு 3×3 பெட்டியின் நடுக்கட்டத்துக்கு நாலு பக்கமும் புள்ளி விழுவது. நாலு வெவ்வேறு ஜோடி வேண்டும். 1க்கு 2, 4, 6 என்று மூன்றுதான். 9க்கும் மூன்று. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் 2ம் 4ம்தான் தேறும். 2 என்றால் சுற்றி 1, 3, 5, 9. 4 என்றால் 1, 3, 7, 9. எதுவானாலும் 6ம் 8ம் மூலைக்குத்தான் போயாக வேண்டும். ஒரு எண்கூடத் தராமலே இவ்வளவும் கிடைத்துவிடுகிறது!

சாதாரண சுடோகுவில் குறைந்தது 17 எண்களாவது தந்தால்தான் ஒரே விடை வரும். டப்ளினில் கணிதவியலாளர் கேரி மெக்குவயரின் குழு 2012இல் கணினியை ஓடவிட்டு அதை உறுதிசெய்தது. இங்கே புள்ளிகளே பாதி வேலையைப் பார்த்துவிடுவதால் அந்தக் கணக்கு செல்லாது.

நாலைந்து கட்டங்களைச் சேர்த்துக் கூண்டு போட்டு, 'கூட்டுத்தொகை பகா எண்' என்று மட்டும் சொல்லும் வகையும் உண்டு. எனக்கு ஒட்டவில்லை. கூட்டிக் கூட்டியே பென்சில் தேய்கிறது.

ஒரு வரிசையின் எட்டு இடுக்கிலும் புள்ளி விழவைக்கலாம்: 7 4 1 6 5 8 9 2 3. "7 நட்டநடுவுல வர்ற மாதிரி முடியுமா?" என்றாள். முடியும். அவள் இன்னும் தேடிக்கொண்டிருப்பதால் முழு விடையை இங்கே போடப் போவதில்லை. நடுவில் 4 7 6. மற்றதை நீங்களே பாருங்கள்.