கண்ணாடி வளையலின் ஒட்டு

உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் கண்ணாடி வளையல் முதலில் நீளச் சுருளாகத்தான் வரும். இரும்புக் கம்பி முனையில் எடுத்த உருகிய கண்ணாடியை இழையாக இழுத்து, சூளைக்குள் சுழலும் உருளையில் சுற்றுகிறார்கள். உருளையைச் சுழற்ற இப்போது மோட்டார் உண்டு. இழையின் தடிமன் மட்டும் இன்றும் கைப்பக்குவம்தான். கை ஒரு நொடி தயங்கினாலும் அந்த இடம் தடித்துவிடும்.

சுருளை நெடுக்காகக் கீறினால் தனித்தனி வளையங்கள், வாய் பிளந்து, முனைகள் ஏறுமாறாக நிற்கும். தீயில் காட்டி முனைகளை நேராக்குவது ஒரு வேலை, இளக்கி ஒட்டுவது இன்னொன்று. பெரும்பாலும் பெண்கள் வீட்டிலேயே செய்யும் இந்த வேலைக்குக் கிடைக்கும் கூலி மிகக் குறைவு.

இயந்திரத்தில் வார்க்கும் பாட்டிலைச் சுமார் 550 டிகிரியிலிருந்து மெல்ல ஆறவைப்பார்கள். வளையல் ஒட்டு அப்படி ஆறுவதில்லை. சட்டெனக் குளிர்ந்தால் உள்ளே இறுக்கம் தங்கி அங்கேயே விரிசல் விடும். வாங்கும்போது ஒட்டை விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் வேறு எடுங்கள்.