வெறும் காலில் தொடங்குகிற ரத்தசோகை

கொக்கிப்புழு என்றாலே "வயிற்றுப் பூச்சிதானே" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய ஆதங்கம். ஈர மண்ணில் அரை மில்லிமீட்டர் அளவில், கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும் அதன் லார்வா (இளம்புழு), வெறும் காலோடு மிதிப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரல் இடுக்கில் சின்னதாய் ஒரு சிவப்புத் தடிப்பு, கொஞ்சம் அரிப்பு, வெளியே தெரிவது அவ்வளவுதான். அப்புறம் ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு, சிறுகுடலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளர் தன் கையில் லார்வாக்கள் தற்செயலாகச் சிந்தி, அந்த இடம் அரிக்கப் போய்த்தான் இந்தத் தோல் வழியைக் கண்டுபிடித்தார்.

குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது ரொம்பக் குறைவு, ஆனால் நூற்றுக்கணக்கில், மாதக்கணக்கில் இருந்தால்? ரத்தசோகைதான். அப்படிப் புழு இருக்கும் குழந்தையின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், உள்ளே சிவப்பே இல்லாமல் வெளிறியிருக்கும். படிப்பில் கவனம் நிற்காது, ஓடினால் மூச்சு வாங்கும். அந்தக் குழந்தையைத் தயவுசெய்து சோம்பேறி என்று திட்டாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் ஆல்பெண்டசோல் மாத்திரை ஒன்றே போதும். ஆனால் மலம் கலந்த மண்ணில் மறுபடி வெறும் காலோடு நடந்தால், மறுபடி வரும்.