குரோம்ஃபோர்டில் ஆர்க்ரைட் என்ற பெயரைத் தேடி

டெர்பியில் ஏறி மேட்லாக் ரயிலில் அரை மணி நேரம் போனால் குரோம்ஃபோர்ட் வந்துவிடும். ஆம்பர்கேட் தாண்டியதும் தடம் ஒற்றையாகிவிடுகிறது. டெர்வெண்ட் ஆறு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் என்று கூடவே வருகிறது. கோவையில் பஞ்சாலைச் சங்குச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771-இல் தண்ணீர் விசையில் ஓடும் நூற்பாலையைக் கட்டிய ஊர் என்பதால் இதைப் பார்க்க வேண்டும் என்று எப்போதுமே ஒரு ஆசை உண்டு. ஆனால் இந்த முறை என்னைக் கிளப்பியது ஆலை அல்ல, அவருடைய குடும்பப் பெயர்.

இங்கிலாந்தில் ரைட் என்று முடியும் பெயர்கள் நிறைய. ரைட் என்றால் கையால் ஒன்றைச் செய்பவர், பெரும்பாலும் மரவேலைக்காரர். கார்ட்ரைட் வண்டி செய்தவர், வெயின்ரைட் பார வண்டி செய்தவர், பிளவ்ரைட் ஏர் செய்தவர். ஆர்க்ரைட் செய்தது ‘ஆர்க்’, அதாவது மாவும் தானியமும் போட்டு வைக்கிற பெரிய மரப்பெட்டி. பைபிளில் நோவா கட்டிய பேழைக்கும் இதே சொல்தான் என்பதால், இங்கிலாந்துக்காரர்களிலேயே சிலர் இதைக் கப்பல் கட்டியவர் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாவம், இது சமையல்கட்டுச் சாமான்.

அந்தப் பெட்டி ஒன்றை யார்க்ஷயர் பக்கம், பழைய பண்ணை வீடு ஒன்றை அருங்காட்சியகமாக்கி வைத்திருந்த இடத்தில் பார்த்தேன். நம் பத்தாயத்தின் தம்பி என்று சொல்லலாம். ஓக் மரத்தை ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்து எடுத்த பலகைகள். தடவிப் பார்த்தால் நாரின் மேடுபள்ளம் கையில் தட்டுகிறது. நான்கு மூலையிலும் நிற்கும் தடித்த பலகைகளே கீழே நீண்டு கால்களாகிவிடுகின்றன. பக்கப் பலகைகள் அவற்றின் காடியில் செருகி, மர முளை அடித்து நிற்கின்றன. மருந்துக்கும் ஓர் இரும்பு ஆணி கிடையாது. மூடி கூரை முகடு மாதிரி நடுவில் உயர்ந்திருக்கிறது. கீலும் மரம்தான். மூடியைக் கழற்றிக் கவிழ்த்தால் மாவு பிசைகிற தொட்டி ரெடி. இதைச் செய்தவருக்கு நுணுக்கமான தச்சுவேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் மரத்தின் போக்கு தெரிந்திருக்க வேண்டும்.

சரி, கார்ட்ரைட்டுகள் இங்கிலாந்து முழுக்க இருக்கும்போது ஆர்க்ரைட்டுகள் ஏன் இவ்வளவு குறைவு? முதல் காரணம், பெட்டிக்கு ‘ஆர்க்’ என்ற பேச்சு வடக்கில்தான் வழக்கில் இருந்தது. லங்காஷயர் ஆவணங்களில் இந்தப் பெயர் 13-ஆம் நூற்றாண்டிலேயே தலைகாட்டுகிறது. 1881 மக்கள்தொகைக் கணக்கிலும் இந்தப் பெயர்க்காரர்கள் பெரும்பாலும் அதே லங்காஷயரில்தான் இருக்கிறார்கள். இன்னொரு காரணம் என் ஊகம். வண்டி உடையும், சக்கரம் தேயும், ஆகவே ஊருக்கு ஒரு வண்டிக்காரத் தச்சர் வேண்டும். ஓக் பெட்டியோ மூன்று தலைமுறைக்கு அசையாது. அதை மட்டுமே நம்பிப் பிழைக்கிறவர் ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் இருந்தால் போதாதா?

குரோம்ஃபோர்ட் ஸ்டேஷனிலிருந்து இறங்கி நடந்தால் பழைய கல் பாலம் வருகிறது. ஒரு பக்கம் கூர் வளைவுகள், மறுபக்கம் அரைவட்ட வளைவுகள். பிறகு அகலப்படுத்தியதில் வந்த கலவை. பாலம் தாண்டியதும் செயின்ட் மேரி தேவாலயம். ரிச்சர்டை அடக்கம் செய்திருப்பது அங்கேதான். அப்புறம் ஆலை.

ஆலை வாசலில் நின்றால் கோட்டை மாதிரி இருக்கிறது. ரோட்டைப் பார்த்த சுவரில் கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத மாதிரி கட்டியிருக்கிறார்கள். காரணம் உண்டு. கை வேலை போகிறதே என்ற கோபத்தில் 1779-இல் சோர்லி பக்கம் பர்க்கேக்கரில் இருந்த அவருடைய ஆலையைக் கூட்டம் கொளுத்திவிட்டது. உள்ளே வாய்க்கால் இன்னும் ஓடுகிறது. பான்சல் ஓடையோடு ஈயச் சுரங்கத்திலிருந்து வடியும் தண்ணீரையும் அன்று சேர்த்துக்கொண்டார்கள். சுரங்கத் தண்ணீர் வெதுவெதுப்பானது, குளிர்காலத்திலும் உறையாது. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிற கணக்கைப் பார்த்தால் இவர் முடி திருத்தி, விக் செய்து பிழைத்த ஆள் என்று நம்ப முடியவில்லை. காலை 5-க்கும் மாலை 5-க்கும் மணி அடிக்கும். 6 மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். பிந்தி வந்தால் கூலி போச்சு. ஷிப்ட், கேட், கூலி வெட்டு எல்லாமே எனக்குத் தெரிந்த கதைதான். வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்களும் பிள்ளைகளும் என்பதையும் மறக்கக்கூடாது.

பிற்காலத்தில் இந்தக் கட்டடங்களில் வண்ணப்பொடி தயாரித்தார்கள். அதன் ஈய நஞ்சு மண்ணிலும் சுவரிலும் ஊறிப்போயிருந்தது. 1979-இல் ஆர்க்ரைட் சொசைட்டி வாங்கி, பல வருடம் சுத்தம் செய்து மீட்டது. 2001-இல் டெர்வெண்ட் பள்ளத்தாக்கு ஆலைகள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

வழிகாட்டிய தன்னார்வலர் ஒரு வயதான அம்மா. “இப்போது இங்கே ஆர்க்ரைட் என்று யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டேன். “போர்டில் நிறைய இருக்கிறார்கள் தம்பி” என்று சொல்லிச் சிரித்தார். அவர் சொன்னது நிஜம். அந்தக் குடும்பம் 1920-களிலேயே வில்லர்ஸ்லி மாளிகையை விற்றுவிட்டுப் போய்விட்டது. பெயர்தான் போகவில்லை. நாட்டிங்ஹாமில் ஆர்க்ரைட் தெரு, லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் ஆர்க்ரைட் சாலை. செஸ்டர்ஃபீல்டு பக்கம் ஆர்க்ரைட் டவுன் என்று ஒரு சுரங்க ஊரே உண்டு. அடியில் மீத்தேன் கசிந்ததால் 1990-களில் ஊரைப் பெயர்த்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புதிதாகக் கட்டினார்கள், பெயரையும் கூடவே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிபிசியின் பழைய நகைச்சுவைத் தொடர் ஒன்றில் வரும் மகா கஞ்சனான மளிகைக்கடைக்காரருக்கும் இதே பெயர். வடக்கத்தி ஆள் என்று காட்ட இந்த ஒரு பெயரே போதும் போல.

பக்கத்து மேட்லாக்கில் இதைவிட வேடிக்கை. 1784 கோடையில் அங்கே வந்திருந்த ஒரு பாதிரியார், மான்செஸ்டர்காரர்கள் சிலரோடு ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இவ்வளவு நூல் வந்து குவிந்தால் நெய்ய ஆள் எங்கே என்ற பேச்சு வந்தது. அப்படியானால் நெய்யவும் இயந்திரம் செய்யலாமே என்றவர், அடுத்த வருடமே விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் பெயர் எட்மண்ட் கார்ட்ரைட். பெட்டிக்காரர் பெயரில் நூல், வண்டிக்காரர் பெயரில் துணி. இரண்டு பேரில் ஒருவரும் தச்சர் இல்லை.

பெயரின் சொந்த மண்ணைப் பார்க்க வேண்டுமானால் லங்காஷயர்தான் போக வேண்டும். ரிச்சர்ட் பிறந்த பிரெஸ்டனில், ஸ்டோனிகேட் தெருவில் ஆர்க்ரைட் ஹவுஸ் இருக்கிறது. கடிகாரம் செய்யும் ஜான் கே என்பவரோடு 1768-இல் அவர் கதவைச் சாத்திக்கொண்டு நூற்பு இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தது அங்கேதான். உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, பேய் வந்து பேக்பைப்புக்குச் சுருதி சேர்க்கிறது என்று அக்கம்பக்கத்துக் கிழவிகள் சொன்னதாக ஒரு கதையும் உண்டு. அடுத்த லீவுக்கு அங்கேதான்.