நீர் பிரித்து வைத்த மண்

ராமநாதபுரம் சீமையை வறண்ட பூமி என்று சொல்லிக் கடந்துவிடுகிறவர்களே அதிகம். ஆனால் இக்கடற்கரையில் காலடியில் கிடக்கும் மண்ணில் பெரும்பகுதி தண்ணீர் கொண்டுவந்து சேர்த்தது. எது எங்கே தங்க வேண்டும் என்பதையும் தண்ணீரின் வேகமே தீர்மானித்திருக்கிறது. அதை நேரில் பார்க்கவே பெரிய கண்மாய்க் கரையில் தொடங்கி, ஆற்றங்கரை, மண்டபம், பாம்பன் வழியாகத் தனுஷ்கோடி வரை கோடையில் பயணம் செய்தேன்.

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை பெரும்பாலான ஆண்டுகளில் கடலைச் சேர்வதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து வழிந்தால்தான் மிச்ச நீர் ஆற்றங்கரை என்னும் ஊருக்கு அருகே பாக் நீரிணையைத் தொடும். ஓடும் நீரின் வேகம் குறையக் குறைய அதன் சுமக்கும் திறனும் குறைவதால், பருமணல் வழியிலேயே ஆற்றுப்படுகையில் இறங்கிவிடுகிறது, நுண்மணலும் வண்டலும் இன்னும் சற்றுத் தூரம் பயணப்படுகின்றன, 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியதான களித்துகளோ நீர் அசையாமல் நிற்கும் இடத்தில்தான் மெல்லப் படியும். நீர் வற்றிய கண்மாயின் உள்வாயில் வெடித்துக் கிடந்த ஒரு மண்கட்டியை எடுத்து, நனைத்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன். மெல்லிய திரியாக நீண்டது, வளைத்தபோதும் முறியவில்லை. களி மிகுந்த மண்ணுக்கு அதுவே அடையாளம். கோடையில் இந்த வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் இடுவது பழைய வழக்கம். கண்மாயும் ஆழமாகும், வயலும் வளம் பெறும். இதைவிடச் சிக்கனமான மண் பராமரிப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

கடலை நெருங்க நெருங்க நிலத்தின் மேல் வெண்மை படர்கிறது. நிலத்தடியில் ஆழமில்லாமல் நிற்கும் உப்புநீர் நுண்துளைகள் வழியே மேலேறி, வெயிலில் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் செல்வதால் வரும் உவர் அது. களர் அதனினும் கொடியது. சோடியம் களித்துகள்களைப் பற்றிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்துவிட, பிரிந்த துகள்கள் துளைகளை அடைத்துவிடுகின்றன. பெய்த மழை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கிறது. உவரை நல்ல மழையே கழுவிவிடும். களருக்கு முதலில் ஜிப்சம் இட்டுச் சோடியத்தின் இடத்தில் கால்சியத்தை அமர்த்த வேண்டும், அதன் பிறகே நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணிச் செலவழிக்கும் உழைப்பு வீண்.

பாம்பனைத் தாண்டினால் மண்ணின் பிறப்பே வேறு. வடபுறம் அலையடங்கிய பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும், தென்புறம் அலை வீசும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் மீனவர்கள் சொல்கிறார்கள். அலையடங்கிய கரையில் சேறு தங்க முடிகிறது. அலை மோதும் கரையில் நுண்துகள்கள் அடித்துச் செல்லப்பட்டு மணலே மிஞ்சுகிறது. தென்கரை மணலில் ஒரு பிடியைக் கையில் பரப்பிப் பார்த்தேன்: கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் மணிகளுக்கு நடுவே சிப்பியின் உடைசல்களும் பவளத் துணுக்குகளும் கிடந்தன. எலுமிச்சைச் சாற்றைச் சொட்டியதும் அந்தத் துணுக்குகளின் மேல் சிறு குமிழிகள் எழுந்தன. அது சுண்ணாம்பு, கடல்வாழ் உயிர்கள் கட்டி, அலை உடைத்துப் போட்டது. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் இந்த மணல்திட்டின் நுனி பருவக்காற்றுக்கு ஏற்ப வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது.

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் மீனவக் குடும்பங்கள் வாழ்வதற்கு மணலில் தோண்டும் ஊற்றே துணை. இருபுறமும் கடல் இருக்க, சில அடியிலேயே நல்ல தண்ணீர் சுரக்கிறது. மணலில் வேகமாக இறங்கும் மழைநீர், அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் நிற்க முடியும் என்பது கணக்கு. சிரட்டையால் நீர் மொண்டுகொண்டிருந்த ஓர் அம்மாவிடம், இன்னும் ஆழப்படுத்தினால் நிறையக் கிடைக்குமே என்றேன். “ஆழமாத் தோண்டக் கூடாது தம்பி, உப்பு ஏறிரும்” என்றார். மேலிருந்து மிகுதியாக இறைத்தால் கீழுள்ள உப்புநீர் கூம்பாக எழும்பிவரும் என்று நீரியல் கூறுவதும் அதையே. ஆகவே இத்தகைய மணல்திட்டில் மோட்டார் வைத்து இறைப்பதும் மணலை அள்ளிச் செல்வதும் குடிநீரையே அழிப்பதாகும் என்று உறுதியாகக் கருதுகிறேன். ஊற்று கரிக்கத் தொடங்கினால் அதை மூடிவிட்டு, சற்றுத் தள்ளி வேறொன்று தோண்டிக்கொள்கிறார்கள். மூடிய இடத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை மறுபடியும் இறங்குகிறது.