அண்ணனுக்கும் ஒரு அத்தியாயம்

மார்ச் 4

நாலாவது நாவல் பாதிக்கு வந்துவிட்டது. தங்கை நன்றாகவே வந்திருக்கிறாள், அப்பாவும் பரவாயில்லை. அண்ணன்தான் எழுந்து நிற்க மாட்டேன் என்கிறான். சொத்தில் தன் பங்கைத் தாண்டி எடுத்துக்கொண்டு தனியே போனவன் அவன். வரும்போதெல்லாம் சண்டை போடுகிறான், போகும்போதெல்லாம் கத்திவிட்டுப் போகிறான். அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்பது அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அப்படித் தெரிந்துவிட்டால் அந்தப் பாத்திரம் செத்துப்போச்சு என்று அர்த்தம்.

முந்தைய நாவல்கள் ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் இருந்தார். அவர்களை எழுப்ப நான் கண்டுகொண்ட வழி ஒன்றுதான். காட்சிக்குள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அந்த ஆள் எங்கே இருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று தனித்தாளில் எழுதிப் பார்ப்பேன். அது நாவலில் சேராது, எனக்கு மட்டும்தான். நாளைக்கு அண்ணனுக்கும் அதை எழுத வேண்டும்.

மார்ச் 5

எழுதினேன். கதவைத் தட்டுவதற்கு முன் அவன் தெருமுனையில் ரொம்ப நேரம் நின்றிருக்கிறான். அப்பா வெளியே கிளம்பட்டும் என்று காத்திருக்கிறான். தங்கையிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கத்துவான், அப்பாவின் முகத்தைப் பார்க்க மட்டும் அவனுக்குத் தைரியம் கிடையாது.

இது தெரிந்ததும் சண்டைக் காட்சி முழுக்க மாறிவிட்டது. வசனத்தில் பெரிதாக எதையும் தொடவில்லை. பேசுகிறவன் அடிக்கடி அப்பாவின் காலி நாற்காலிப் பக்கம் பார்க்கிறான், அவ்வளவுதான். அவன் குரல் ஏன் அவ்வளவு உயர்கிறது என்பது இப்போது எனக்கே புரிகிறது.

மார்ச் 9

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். குடும்ப விசேஷத்துக்கு வராமல் போன உறவினர் ஒருவரைப் பற்றிக் கொட்டித் தீர்த்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "அன்றைக்குக் காலையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், உனக்குத் தெரியுமா?" என்றேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த வாரம்தான் அவருக்கு வேலை போச்சு" என்றாள், ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்தவள் போல.

என் மேஜையிலிருந்து நேராக அந்தப் பேச்சுக்குப் போன கேள்வி அது. நாவல் எழுதி நான் சம்பாதித்ததில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

மார்ச் 10

எழுதவில்லை. தலைவலி.

மார்ச் 14

திருத்தம். ஒரே ஒரு வரியில் காலை முழுவதும் போனது. முதலில் இப்படி இருந்தது: "கடும் கோபத்துடன் அவள் கதவை அறைந்து சாத்தினாள்." இப்போது: "அவள் கதவைச் சாத்தினாள். தாழ் போடாமல் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்."

கோபம் என்ற சொல் போய்விட்டது. ஆனால் கோபத்துக்குள் தங்கைக்கு இருக்கிற எதிர்பார்ப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அண்ணன் திரும்பித் தட்டினால் திறந்துவிடுவாள். அவளுக்கே அது தெரியாது, அவள் கைக்குத் தெரிந்திருக்கிறது. உணர்ச்சிக்குப் பெயர் வைத்துவிட்டால் அத்தோடு பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். பெயரை எடுத்துவிட்டால் மறுபடி கையையும் காலையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டிலும் இப்போதெல்லாம், "அவளுக்குக் கோபம்" என்று முடிவு கட்டுவதற்கு முன் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

மார்ச் 21

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' மறுபடி படிக்கிறேன். அந்த நாவலுக்காக அவர் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய், அங்கே வேலை செய்கிறவர்களோடு பழகிப் பேசிவிட்டுத்தான் எழுதினார். கற்பனைக்குப் பஞ்சம் வந்து அவர் அங்கே போகவில்லை. நமக்குத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதை அடுத்தவர் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்ற மரியாதை அது. என் நாவல் ஒரு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது, எனக்குக் களம் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆனாலும் இப்படி ஒரு பங்குப் பிரச்சினையில் நிஜமாகவே அண்ணன் இடத்தில் இருந்த ஒருவரிடம் போய் அவர் கதையை முழுதாகக் கேட்டேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 23

அந்தப் பேச்சு இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் சொன்ன காரணங்கள் உண்மையான காரணங்கள். கடன் இருந்தது, பயம் இருந்தது, சின்ன வயதிலிருந்து 'மூத்தவன் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று ஏற்றிவைத்த சுமை இருந்தது. எல்லாம் சரி. ஆனால் இழந்தவளுக்கு இழப்பு இழப்புதானே?

இந்த இடத்தில் நான் ரொம்பக் கவனமாக இருக்க விரும்புகிறேன். ஒருவனைப் புரிந்துகொண்டுவிட்டால் அவனை மன்னித்தாக வேண்டும் என்று கதைகள் நம்மை அவசரப்படுத்துகின்றன. வாசகரும் அதற்காகக் காத்திருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அண்ணனுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுக்கிறேன், அவன் பயத்தை அவன் வாயாலேயே சொல்லட்டும். அதற்காகத் தங்கை அவன் மேல் போட்ட சொத்து வழக்கை வாபஸ் வாங்க வேண்டியதில்லை. நியாயமும் வேண்டும், அண்ணனும் வேண்டும் என்று அவள் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். நிஜ வாழ்க்கையில் எத்தனையோ பெண்கள் இந்த இரண்டையும் சேர்த்தே சுமக்கிறார்கள்.

ஏப்ரல் 2

நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டேன். இப்போதைக்கு மாமா ஒருவர் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார். படித்தால் குறை ஒன்றும் தெரியவில்லை. மனதுக்கு ஒட்டவும் இல்லை.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் நினைவுக்கு வந்தார். 'பெர்சுவேஷன்' நாவலை 1816 ஜூலையில் முடித்துவிட்டார். அந்த முடிவில் அட்மிரல் ஒருவர் குறுக்கே வந்து, அவர் மூலமாகத்தான் நாயகனும் நாயகியும் தனியாகப் பேச நேர்கிறது. அது அவருக்குத் திருப்தி தரவில்லை. சில வாரங்களுக்குள் மாற்றி எழுதினார். புதிய முடிவில் நாயகி வேறொருவரிடம் பேசிக்கொண்டிருப்பது நாயகன் காதில் விழுகிறது. கேட்டுக்கொண்டே அவன் அவளுக்குக் கடிதம் எழுதுகிறான். அடுத்த ஆண்டு ஜூலையில் ஆஸ்டின் இறந்துவிட்டார். புத்தகம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவர் விலக்கிய அந்த அத்தியாயங்களின் கைப்பிரதி இன்றைக்கும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

எனக்கு அதில் பிடித்தது, நடுவில் இருந்த ஆளை நகர்த்திவிட்டது. மூன்றாவது மனிதர் கூட்டிவைத்தால் இருவரும் கூடத்தான் செய்வார்கள். ஆனால் ஒருவர் இன்னொருவர் பேசுவதைக் கேட்டார் என்பதற்கு அங்கே சாட்சி இல்லை.

ஏப்ரல் 6

மாமாவை அந்த அத்தியாயத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டேன். காட்சியும் நீதிமன்ற வராந்தாவுக்கு மாறிவிட்டது. வாய்தா தள்ளிப்போயிருக்கிறது. ஒரே பெஞ்சில் அண்ணன் ஒரு ஓரம், தங்கை ஒரு ஓரம். வக்கீல்கள் உள்ளே இருக்கிறார்கள். வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கும், அதில் மாற்றமில்லை. அவன் அப்பாவைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்குகிறான். அவள் எழுந்து போகவில்லை. எவ்வளவு தூரம் அவனைப் பேச விடுவாள் என்பதை நாளை எழுதித்தான் பார்க்க வேண்டும்.