ஐயரம்மான்னா யாரு?

எங்கம்மா பாளையங்கோட்டைக்காரி. அங்க சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில குருவானவரை, அதாவது சர்ச் பாதிரியாரை, ஐயர்னுதான் கூப்பிடுவாங்க, அவர் சம்சாரம் ஐயரம்மா. (ஆபிஸ்ல இதை ஒருதடவை சொல்லிட்டு அரைமணி நேரம் விளக்கம் குடுக்க வேண்டியதாப் போச்சு.) இப்போ அம்மா மதுரையில இருக்காங்க, போன வருஷம் அவங்க சபைக்கு ஒரு பெண் குருவானவர் மாத்தலாகி வந்தாங்க, அன்னைலேருந்து அம்மாவுக்கு ஒரே குழப்பம். ஐயரம்மான்னா அது ஐயர் பொண்டாட்டி, அப்போ இவங்களை என்னன்னு கூப்பிடறது, இவங்க வீட்டுக்காரரை என்னன்னு கூப்பிடறது?

கூப்பிடறது மட்டும் பிரச்சினை இல்லன்னு வையுங்க. "பொம்பள புல்பிட்ல ஏறி பிரசங்கம் பண்ணலாமாட்டி? ஒண்ணு தீமோத்தேயு ரெண்டு பன்னெண்டு படிச்சுப் பாரு"ன்னு போன்லயே வசனம் சொன்னாங்க. உபதேசம்பண்ணவும் புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும் ஸ்திரீக்கு உத்தரவு இல்லன்னு பைபிள்ல பவுல் எழுதினது. சொல்றது யாரு? முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில (சண்டே ஸ்கூல்) பாடம் எடுத்தவங்க, சபையோட அறுவடைத் திருநாளான அறுப்பின் பண்டிகை ஏலத்துல இவங்க வாயத் தொறந்தா கமிட்டி செயலாளரே கப்சிப். நீ பண்ணது உபதேசம் இல்லியாம்மான்னு கேட்டா "அது சின்னப் பிள்ளைங்கட்டி"ங்காங்க. அந்தப் பிள்ளைங்கள்ல ரெண்டு பேரு இப்போ கமிட்டியில இருக்காங்க, எந்த வயசோட அந்த உத்தரவு முடிஞ்சுதுன்னு இன்னும் சொல்லல.

பெரியம்மா பெந்தெகொஸ்தே. அங்க முக்காடு இல்லாம பொம்பளைங்க ஜெபிக்க மாட்டாங்க, பெண் பாஸ்டர்னா ஆகவே ஆகாது, ஆனா பாஸ்டரம்மா மைக்கைப் பிடிச்சா முக்கால் மணி நேரம். அதுக்குப் பேரு சாட்சி. பிரசங்கம்னு சொல்லிட்டாதான் தப்பு!

எங்கம்மா கிட்டயும் இதேதான்னு எனக்குத் தோணுது, அதிகாரம் பண்றதுல ஒரு கூச்சமும் கிடையாது, அதுக்கு அங்கியும் பதவியும் குடுத்தா மட்டும் உறுத்துது. இத்தனைக்கும் பாளையங்கோட்டை சபை ஆரம்பமே கிளாரிந்தாங்கிற விதவை அம்மாதான், 1778ல ஞானஸ்நானம் வாங்கினவங்க, அவங்க முயற்சியில எழும்பின கோயிலை மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் 1785ல பிரதிஷ்டை பண்ணினார், இப்பவும் ஊர்ல பாப்பாத்தி கோயில்னுதான் பேரு. சிஎஸ்ஐல 1976லேயே பெண்களுக்கு குருப்பட்டம் குடுத்தாச்சு, 2013 செப்டம்பர்ல புஷ்பலலிதா அம்மா ஆந்திராவுல நந்தியால் பேராயரும் (பிஷப்) ஆனாங்க. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். "கிளாரிந்தா கோயில் கட்டுனா, பூசை வச்சாளா?"ன்னு ஒரே வெட்டு.

ஆனா ஒரு விஷயம் சொல்லணும். சில வருஷம் முன்னாடி சபையோட பெண்கள் சங்கத்துல ஒரு பொண்ணை புருஷன் அடிச்சு மூஞ்சி வீங்கி வந்துது, மத்த அம்மாங்க எல்லாம் எபேசியர் 5:22 சொல்லி, புருஷனுக்குக் கீழ்ப்படிஞ்சு போ, ஜெபம் பண்ணு, கர்த்தர் மாத்துவார்னு திருப்பி அனுப்பப் பாத்தாங்க, வசனம் சொன்னது பூரா பொம்பளைங்கதான், ஆம்பளைங்க ஒருத்தரும் அங்க இல்ல. எங்கம்மா மட்டும் "அதுக்கு முந்தின வசனத்தையும் வாசிங்க"ன்னுட்டு அந்தப் பொண்ணை ஆட்டோவுல ஏத்தி நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டாங்க. 21ஆம் வசனம் "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்". ஒருவருக்கொருவர்! அப்பா கிட்ட கேக்கக்கூட இல்ல, அப்பா பேசாம எந்திரிச்சுப் போய் பால் வாங்கிட்டு வந்தாரு.

அந்த 21ஐ எடுத்த அம்மா தீமோத்தேயுல மட்டும் ஏன் நகர மாட்டேங்காங்கன்னு எனக்குப் புரியல. கேட்டா "அது வேற இது வேற".

போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணாங்க. நற்கருணை (ஆராதனையில குடுக்கற அப்பமும் ரசமும்) எடுத்தியாம்மா, அந்தப் பெண் குருவானவர் கையாலன்னு கேட்டேன். "எடுக்காம? பட்டினியா கெடக்கவா?"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே, "ஆனா ஐயரு பிரசங்கத்தை ரொம்ப இழுக்காங்கட்டி, வீட்டுக்கு வரையில ஒரு மணி, கறி இன்னும் வேகல"ன்னாங்க.