289 இன்ஜினுக்குப் பெரிய கேம்: பூட்டுவதற்கு முன் வால்வு இடைவெளி அளந்து பார்த்தது

1965 ஃபோர்டு மஸ்டாங் காரின் 289 கன அங்குல இன்ஜினுக்குப் புதிய கேம்ஷாஃப்ட்டும் (மேடுகளால் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, சுருக்கமாகக் கேம்) ரோலர் ராக்கரும் (அந்த மேட்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோல்) போடும் வேலை பாதி தூரம் வந்திருக்கிறது. எதையும் கடைசியாகப் பூட்டுவதற்கு முன்னால், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் பக்கம் இடம் தாராளம். போதாமல் போனது மேலே, ஸ்பிரிங் ரீடெய்னருக்கும் (வால்வு ஸ்பிரிங்கை மேலே பிடித்திருக்கும் வட்டு) வால்வு கைடுக்கும் (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய்) நடுவில்.

கேமோடு வரும் அட்டையை மட்டும் நம்பி ஏன் பூட்டக்கூடாது என்று கேட்கலாம். புது இன்ஜினாக இருந்தால் ஓரளவு நம்பலாம். இத்தனை ஆண்டு ஓடிய இன்ஜினில் ஹெட்டை யார் எத்தனை முறை ஃபேசிங் போட்டார்கள், பிளாக்கின் மேல்பரப்பைச் சீவினார்களா, பிஸ்டனை மாற்றினார்களா என்று எந்தக் காகிதமும் சொல்லாது. ஹெட்டைச் சீவினால் வால்வு பிஸ்டனை நெருங்கும். வால்வு மூடி உட்காரும் சீட்டை ஆழமாக வெட்டியிருந்தால் விலகும். இரண்டும் நடந்திருந்தால் மிச்சம் எவ்வளவு என்பது அளந்தால்தான் தெரியும்.

கம்பெனி கேமில் வால்வு சுமார் 0.37 அங்குலம்தான் திறக்கும். புதிய கேமின் மேட்டு உயரம் 0.300 அங்குலம். 1.6 ராக்கர், அதாவது அந்த உயரத்தை 1.6 மடங்காக்கும் ராக்கர் போட்டால் வால்வு திறக்கும் உயரம் (லிஃப்ட்) 0.480, அதாவது 12.2 மில்லிமீட்டர். 1.7 ராக்கர் போட்டால் 0.510, கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர். என் ஆசை 1.7 மேல்தான் இருந்தது.

வால்வு முழுசாகத் திறக்கும்போதுதான் பிஸ்டனில் இடிக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இன்டேக் வால்வு (காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வழி) முழு உயரத்துக்குத் திறக்கும் நேரத்தில் பிஸ்டன் பாதி தூரத்துக்கும் கீழே போயிருக்கும். ஆபத்தான இடம் ஓவர்லேப், அதாவது இன்டேக்கும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து கொஞ்சம் திறந்திருக்கும் நேரம். எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டு வர, பிஸ்டன் அதை விரட்டிக்கொண்டு மேலே வருகிறது. அப்புறம் பிஸ்டன் கீழே திரும்ப, இன்டேக் வால்வு திறந்தபடி அதைத் துரத்துகிறது. எக்ஸாஸ்ட்டுக்கு டி.டி.சி.க்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) முன் கிராங்க் சுற்றில் 10 டிகிரியை ஒட்டியும், இன்டேக்குக்கு டி.டி.சி.க்குப் பின் 10 டிகிரியை ஒட்டியும்தான் இரண்டும் மிக நெருங்குகின்றன.

வழக்கமாகச் சொல்லும் குறைந்தபட்ச அளவு இன்டேக்குக்கு 0.080 அங்குலம், எக்ஸாஸ்ட்டுக்கு 0.100. எக்ஸாஸ்ட்டுக்கு அதிகம் கேட்பதற்குக் காரணம் உண்டு. அந்த வால்வு அதிகச் சூட்டில் நீளும். அதிக வேகத்தில் ஸ்பிரிங் தடுமாறினால், மூட வேண்டிய வால்வு கொஞ்சம் தாமதிக்கும். பிஸ்டன் தாமதிக்காது.

அளந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. முதலில் உண்மையான டி.டி.சி.யைப் பிடிக்க வேண்டும். டிகிரி குறித்த வட்டத் தகடான டிகிரி வீலை கிராங்கில் மாட்டி, ஸ்பார்க் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகினேன். கிராங்கை ஒரு பக்கம் மெதுவாகச் சுற்றி பிஸ்டன் தட்டும் டிகிரியைக் குறித்துக்கொண்டு, மறுபக்கம் சுற்றி அதையும் குறித்தால், இரண்டுக்கும் சரி நடுவில் பூஜ்யம். பிஸ்டன் உச்சியில் சில டிகிரிக்கு அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அதனால் கண்ணால் பார்த்து உச்சியை முடிவு செய்வது இந்த வேலைக்கு ஆகாது.

அடுத்து, அளக்கும் சிலிண்டரின் வால்வு ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு விரலால் அமுக்கக்கூடிய மெல்லிய ஸ்பிரிங் போட்டேன். கேம் மேட்டின் மேல் உட்காரும், எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ளே அமுங்கிவிட்டால் அளவு பொய்யாகும். ஆகவே அதே உயரத்துக்குச் சரிசெய்த சாலிட் லிஃப்டரை வைத்து, ராக்கரை ஆட்டம் இல்லாமல் முடுக்கினேன். ஹெட் கேஸ்கெட்டுக்கு ஏற்கெனவே நசுங்கிய பழையதையே போட்டேன். புதியதை முழு டைட் கொடுக்காமல் வைத்தால் இல்லாத இடைவெளி இருப்பதாகக் காட்டும்.

டயல் கேஜின் முனை ரீடெய்னர் மேல், வால்வின் அதே சாய்வில் உட்கார வேண்டும். 289இல் வால்வுகள் 20 டிகிரி சாய்ந்திருக்கின்றன. கேஜை நேராக நிறுத்தினால் அளவு பிசகும். சரி, இப்போது கிராங்கை டி.டி.சி.க்கு முன் 20 டிகிரியில் நிறுத்தி, முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து, வால்வு பிஸ்டனைத் தொடும்வரை ராக்கரை விரலால் அமுக்கினால் முள் நகரும் தூரம்தான் இடைவெளி. தொடும் அந்தக் கணத்தை விரல் தெளிவாக உணரும்: ஸ்பிரிங்கின் மென்மை சட்டென்று நின்று கல்லைத் தொட்டதுபோல் இருக்கும். இரண்டு இரண்டு டிகிரியாக நகர்த்தி, டி.டி.சி.க்குப் பின் 20 வரை எழுதிக்கொண்டே போனேன்.

1.6 ராக்கரில் எக்ஸாஸ்ட்டின் மிகக் குறைந்த அளவு 0.138. இன்டேக்கின் அளவு 0.112. இரண்டும் எல்லைக்கு நன்றாக மேலே. 1.7 ராக்கரை மாட்டி மறுபடி அளந்தபோது எக்ஸாஸ்ட் 0.132, இன்டேக் 0.105. முழு லிஃப்ட் 0.030 கூடியிருக்கிறது, நெருங்கும் இடத்தில் குறைந்ததோ 0.006, 0.007தான். அந்த இடத்தில் வால்வு கொஞ்சம்தான் திறந்திருக்கிறது, அந்தக் கொஞ்சத்துக்குத்தான் ராக்கர் விகிதம் வேலை செய்கிறது.

ஆனால் வால்வுகள் முன்னதாகவே திறந்து மூடும்படி கேமை 4 டிகிரி முன்தள்ளிப் பூட்டிப் பார்த்தேன். 1.6 ராக்கரிலேயே இன்டேக் 0.112இலிருந்து 0.090க்கு இறங்கிவிட்டது. எக்ஸாஸ்ட் பக்கம் கூடியது. பின்தள்ளினால் இதற்கு நேர்மாறு. பிஸ்டனை நெருங்க வைப்பதில் லிஃப்ட்டைவிட டைமிங்குக்குத்தான் கை அதிகம். 1.7 ராக்கரையும் 4 டிகிரியையும் சேர்த்தால் இன்டேக்குக்கு 0.080ஐத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். டைமிங் செயின் தேய்ந்து நீளும்போது கேம் தானாகவே பின்தங்கி எக்ஸாஸ்ட் இடைவெளியைத் தின்னும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

டயல் கேஜ் காட்டாத ஒன்று உண்டு: வால்வின் விளிம்புக்கும் பிஸ்டனில் வெட்டிய பள்ளத்தின் சுவருக்கும் உள்ள பக்கவாட்டு இடம். அதற்குக் களிமண்தான் சரி. பிஸ்டன் பள்ளத்தில் மாடலிங் கிளேயை வைத்து, ஒட்டாமலிருக்க வால்வில் எண்ணெய் தடவி, ஹெட்டைப் பூட்டி கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றிக் கழற்றினேன். பிளேடால் குறுக்கே வெட்டியதும் வால்வின் வளைவு அச்சு மாறாமல் தெரிந்தது. பக்கவாட்டில் 0.050 போதும், எனக்கு 0.070 இருந்தது. இரண்டு ஹெட்டும் ஒரே அளவு சீவப்பட்டிருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அதனால் 1, 4, 5, 8 ஆகிய நான்கு மூலைச் சிலிண்டர்களையும் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை.

இனி மேல் பக்கம். வால்வு மூடியிருக்கும்போது ரீடெய்னரின் அடிப்பகுதிக்கும் கைடின் மேல் உட்காரும் எண்ணெய் சீலின் மேல்பகுதிக்கும் நடுவில் 0.530 அங்குலம். 0.480 லிஃப்ட்டுக்கு மிச்சம் 0.050. 0.510க்கு வெறும் 0.020. குறைந்தது 0.060 வேண்டும். அதாவது 1.6இலேயே கொஞ்சம் குறைகிறது, 1.7 பேச்சுக்கே இடமில்லை. ரீடெய்னர் சீலை அடித்தால் சீல் சிதையும், கைடை அடித்தால் வால்வே போகும்.

1.7க்கு இன்னொரு தடையும் இருந்தது. இந்த விகிதத்துக்காக ராக்கரில் புஷ்ராடு (லிஃப்டரிலிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பி) உட்காரும் குழியை ஸ்டட்டுக்கு (ராக்கரைத் தாங்கும் தண்டு) நெருக்கமாக வைக்கிறார்கள். என் ஹெட்டில் புஷ்ராடை நேராக நிறுத்துவதே ஹெட்டில் உள்ள நீள்துளைதான் (1966 மே மாதத்துக்குப் பின் வந்தவற்றில் அந்த வேலையை ராக்கரே செய்யும்). கிராங்கைச் சுற்றும்போது புஷ்ராடு அந்தத் துளையின் ஸ்டட் பக்க முனையை உரசியது.

ஆக, 1.6 ராக்கர், கேமை அட்டையில் உள்ளபடியே நேராக. ஹெட்டுகள் மெஷின் ஷாப்புக்குப் போகின்றன. கைடின் மேல்பகுதியைக் குறைத்து, அழுத்திச் செருகிய ஸ்டட்டுகளுக்குப் பதிலாகத் திருகு ஸ்டட் போட வேண்டும், புதிய ஸ்பிரிங்கின் இழுவைக்குப் பழையவை மேலே கிளம்பி வரும். கூடவே புஷ்ராடை நேராகப் பிடிக்கும் கைடு பிளேட்டும் கடினப்படுத்திய புஷ்ராடும். நீள்துளையைச் சற்று அகலப்படுத்தச் சொல்லியிருக்கிறேன், இரண்டு இடம் சேர்ந்து ஒரே புஷ்ராடைப் பிடிக்கக்கூடாது. ஹெட் திரும்பி வந்ததும் ஸ்பிரிங் முழுசாக அமுங்கி முட்டுகிறதா, புஷ்ராடு நீளம் பொருந்துகிறதா என்பதோடு பிஸ்டன் இடைவெளியையும் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும். சீட்டையும் புதிதாக வெட்டப்போகிறார்கள் என்பதால் இன்று எழுதிய எண்கள் அப்போது செல்லாது.